தனிம அட்டவணை அலமாரி: 120 கட்டம், 12,170 ரூபாய், நொறுங்கிப்போன ஒரு பெயர்ப்பட்டை

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் தொங்கிய பழைய சார்ட்டில் 113, 115, 117, 118 நான்குக்கும் பெயர் கிடையாது. மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடுகள்தான். 2016-லேயே நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னஸின், ஒகனெசான் என்று பெயர் வைத்தாயிற்று. எங்கள் சுவருக்குத்தான் செய்தி வரவில்லை. புதுச் சார்ட் வாங்கியிருந்தால் சில நூறு ரூபாயோடு வேலை முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, தனிமத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கண்ணால் பார்க்க ஒரு பொருள் என்று மரத்தில் அலமாரி செய்யக் கிளம்பினேன். இப்போது அது சுவரில் ஏறிவிட்டது. இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு அளவுகளும் செலவும் உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் சீட்டு

பலகையில் கை வைப்பதற்கு முன்னால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஒத்திகை பார்த்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைச் சீட்டுகளாக வெட்டி, 1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தன் அட்டவணையைப் போட்ட நேரத்தில் தெரிந்திருந்த 63 தனிமங்களை மட்டும் எழுதினோம். சீட்டில் அணு நிறை, ஆக்சைடின் வாய்பாடு, உலோகமா இல்லையா, அவ்வளவுதான். அணு எண் கிடையாது. நிறை ஏறும் வரிசையில் அடுக்கிக்கொண்டே போங்கள், குணம் திரும்பி வந்தால் அடுத்த வரிசைக்கு இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

லித்தியத்தில் தொடங்கிய வரிசை ஃபுளூரினோடு முடிந்தது. சோடியம் லித்தியத்துக்குக் கீழே உட்கார்ந்தது, குளோரின் ஃபுளூரினுக்குக் கீழே. மூன்றாவது வரிசையில்தான் சிக்கல். பொட்டாசியம், கால்சியம் வந்தன. நிறைப்படி அடுத்த சீட்டு டைட்டானியம். அதை வைத்தால் அலுமினியத்துக்குக் கீழே வருகிறது. ஆனால் டைட்டானியத்தின் ஆக்சைடு சிலிக்கானின் ஆக்சைடு மாதிரி, ஒன்றுக்கு இரண்டு ஆக்சிஜன். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால்தான் டைட்டானியம் சரியான இடத்துக்குப் போகும். பிறகு துத்தநாகத்துக்கு அடுத்து ஆர்சனிக் வந்தது. நிறை 65-லிருந்து நேராக 75.

"சார், ஆர்சனிக் இங்க உட்காராது. அதோட ஆக்சைடு பாஸ்பரஸ் கூட போகுது" என்றாள் ஒரு பெண்.

"அப்ப என்ன பண்ணலாம்?"

"நடுவுல ரெண்டு கட்டம் விட்டுரலாம்."

மெண்டலீவும் அதைத்தான் செய்தார். விட்ட இடங்களில் என்னென்ன வரும் என்று 1871-இல் கணித்தும் எழுதினார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு 1875-இல் காலியம் வந்தது, கால்சியத்துக்கு அடுத்து விட்டதற்கு (அதைப் போரான் வகை என்று அவர் கணித்திருந்தார்) 1879-இல் ஸ்காண்டியம், சிலிக்கானுக்குக் கீழே விட்டதற்கு 1886-இல் ஜெர்மானியம். காலியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் புவாபோதிரான் அதன் அடர்த்தியை 4.7 என்று அளந்தார். 5.9 இருக்க வேண்டும், மறுபடி பாருங்கள் என்றார் மெண்டலீவ். சுத்தப்படுத்தி அளந்தால் 5.9. ஒரு துண்டு காலியத்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவர் சொன்ன திருத்தம் இது. வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத சம்பவம்.

சீட்டு விளையாட்டில் கடைசிச் சண்டை டெல்லூரியத்துக்கும் அயோடினுக்கும். டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடின் 126.9. நிறையைப் பார்த்தால் அயோடின் முன்னால் வந்து செலினியத்துக்குக் கீழே நிற்கும். புரோமினைப் பார்த்த எவரும் அயோடினை அங்கே விடமாட்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்ணை அளந்த பிறகுதான் அந்த மாற்றம் நியாயமானது என்று சொல்லி, அன்றைக்குக் கடையைக் கட்டினோம்.

அளவு

எலக்ட்ரான் கூடுகள் கணக்குப்படி வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. முறையாகப் போட்டால் கடைசி இரண்டு வரிசைக்கும் 32 கட்டம் வேண்டும். லாந்தனைடுகளையும் (57 முதல் 71 வரை) ஆக்டினைடுகளையும் (89 முதல் 103 வரை) கீழே தனிப்பட்டியாகத் தள்ளாமல் அவற்றின் சொந்த இடத்திலேயே வைத்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. கணக்குப் போட்டேன். கட்டத்தின் உள் அகலம் 4 அங்குலம், நடுத்தடுப்பு கால் அங்குலம், ஓரச் சட்டம் அரை அங்குலம். மொத்தம் 136¾ அங்குலம். அதாவது 11 அடி 4¾ அங்குலம். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே அவ்வளவு சுவரே இல்லை. கட்டத்தை 3 அங்குலமாகக் குறைத்தால் 8 அடி 8¾ அங்குலம். பிளைவுட் பலகை 8 அடிதான். ஒட்டுப் போட்டு நீட்டலாம் என்றால் ஆசாரி முகத்தைச் சுளித்தார். பாடப்புத்தகத்தில் அந்த இரண்டு வரிசையும் அடியில் தொங்குவதற்கும் இதே இடநெருக்கடிதான் காரணம். அவர்களுக்குப் பக்கத்தின் அகலம், எனக்குப் பலகையின் நீளம்.

ஆகவே 18 தொகுதி, அதாவது 18 நெடுவரிசை. அகலம் 6 அடி 5¼ அங்குலம். மேலே 7 வரிசை, 2 அங்குல இடைவெளி, கீழே 2 வரிசைப் பட்டி எல்லாம் சேர்த்து உயரம் 3 அடி 5¼ அங்குலம். ஆழம் 3 அங்குலம்.

இட்ரியத்துக்குக் கீழே எதை வைப்பது என்பது இன்னொரு கேள்வி. லாந்தனமா, லுட்டீஷியமா என்று வேதியியலாளர்களே இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. நான் வம்பில் மாட்டாமல், 57 முதல் 71 வரை பதினைந்தையும் கீழ்ப்பட்டியில் வைத்துவிட்டு, மேலே அந்தக் கட்டத்தில் ஒரு துளை போட்டுச் சிவப்புக் கயிற்றைக் கீழ்ப்பட்டி வரை இழுத்துக் கட்டினேன். ஆக்டினைடுகளுக்கும் அப்படியே. அதனால்தான் 118 தனிமத்துக்கு 120 கட்டம்.

வெட்டு

சட்டத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் பாதிப் பலகை, தடுப்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் 6 மில்லிமீட்டர் இரண்டு பலகை. படத்தைக் காட்டியதும் ஆசாரி அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மேல் வரிசையிலே பதினாறு கட்டம் வீணாப் போகுதே சார், அடைச்சிருவோமா?" ஹைட்ரஜன் ஒரு கோடியில், ஹீலியம் மறுகோடியில், நடுவே வெறும் இடம் என்றால் பணம் கொடுத்துப் பலகை வாங்குபவர் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அடைக்க முடியாது என்று சொல்லி, அந்தப் பள்ளத்தின் பின்பலகைக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். வாரம் ஒரு கேள்வி அதில் எழுதிப்போடுகிறோம். அலமாரியிலேயே அதிகம் பயன்படும் இடம் இப்போது அதுதான்.

செங்குத்துத் தடுப்புகள் 17. ஒரே நீளத்தில் பதினேழையும் வெட்டிவிட வேண்டாம். அட்டவணையின் உருவம் காரணமாக மூன்று நீளம் வரும். ஹைட்ரஜன் பக்கத்திலும் ஹீலியம் பக்கத்திலும் உள்ள 2 தடுப்புகள் முழு உயரம், 29½ அங்குலம். இரண்டாம் வரிசையிலிருந்து இறங்கும் 6 தடுப்புகள் 25¼ அங்குலம். இடைநிலைத் தனிமங்களுக்கு நடுவே நான்காம் வரிசையில் தொடங்கும் 9 தடுப்புகள் 16¾ அங்குலம். குறுக்குப் பலகையிலும் தடுப்பிலும் பாதி ஆழத்துக்கு வெட்டுப் போட்டு ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவதுதான் முறை. ஆணி வேண்டாம், ஃபெவிகால் போதும்.

அளவு குறிக்கும்போது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு டேப் வைத்து அளந்துகொண்டே போனால், பதினெட்டாவது கட்டத்துக்குள் அரை அங்குலம் எங்கேயாவது போய்விடும். ஆசாரி ஒரு ரீப்பர் குச்சியை எடுத்து, ஒரே முனையிலிருந்து 4¼ அங்குலக் கணக்கில் எல்லாக் குறியையும் போட்டு, அந்தக் குச்சியையே எல்லாக் குறுக்குப் பலகைமீதும் வைத்துக் கோடு இழுத்தார். ஒரே நீளப் பலகைகளை அடுக்கி கிளாம்ப் போட்டு மொத்தமாக வெட்டினார். கட்டங்கள் நேராக நின்றதற்கு இது ஒன்றே காரணம்.

6 மில்லிமீட்டர் என்று விற்கிற பிளைவுட் அளந்து பார்த்தால் ஐந்தரைதான் இருந்தது. வெட்டை இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் போட்டிருந்தோம். தடுப்புகள் லொடலொட என்று ஆடின. மைக்கா துணுக்குகளைச் சொருகி இறுக்கியது தனி வேலை. பலகையைக் கையில் வாங்கி, வெர்னியர் வைத்து அளந்த பிறகுதான் வெட்டின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

நிரப்பியது

ஹைட்ரஜன் 1, ஹீலியம் 2 என்று எண் வரிசையில் நிரப்பத் தொடங்கினோம். நகரவே இல்லை. முதல் இரண்டும் வாயு, நான்காவது பெரிலியம், விஷம். அப்புறம் தொகுதி தொகுதியாகப் போனோம், வேகம் பிடித்தது. ஒரே தொகுதியில் உள்ளவை ஒரே மாதிரி நடந்துகொள்வதால் ஒரே வகைக் கடையில்தான் கிடைக்கின்றன. ஹாலஜன்களுக்கு மளிகைக் கடையும் மருந்துக் கடையும்: ஃபுளூரைடு பற்பசை, பிளீச்சிங் பவுடர், போவிடோன் அயோடின். புரோமின் மட்டும் வெறும் பெயர்ப்பட்டை. முதல் தொகுதியில் உலோகமாக எதையும் வைக்கவில்லை. ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் போட்ட சோடியம் இருக்கிறது, அது பூட்டிய அலமாரியிலேயே இருக்கட்டும். கீழே போகப்போக வேகம் கூடும் தொகுதி அது. தூத்துக்குடிக் கல்லுப்பு, படிகாரம் (பொட்டாசியத்துக்கு), முழு பட்டன் செல் (லித்தியத்துக்கு) போதும்.

போரானுக்கு கேரம் பவுடர். கடைகளில் வருவது பெரும்பாலும் போரிக் அமிலம்தான், டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்கள். பாஸ்பரஸுக்குத் தீப்பெட்டியின் உரசும் பக்கம், அதில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. கந்தகம் நாட்டு மருந்துக் கடையில். நியானுக்கு எலக்ட்ரிக் கடைப் பழைய ஸ்டாக்கில் ஒரு இண்டிகேட்டர் விளக்கு; இப்போது வருவது பெரும்பாலும் எல்.இ.டி., ஆரஞ்சு நிறத்தில் எரிவதைக் கேட்டு வாங்க வேண்டும். டங்ஸ்டனுக்குக் குண்டு பல்பின் இழை, அந்த பல்புக்குள் இருக்கும் வாயுவில் ஆர்கானும் உண்டு என்பதால் இரண்டு கட்டத்துக்கும் ஆளுக்கொரு பல்பு. நிக்கலுக்கு 1960-களின் ஒரு ரூபாய்க் காசு. தங்கத்துக்குத் தஞ்சாவூர் ஓவியம் வரைபவர் ஒருவர் தங்க ரேக்கில் ஒரு ஓரத்தைக் கிழித்துச் சும்மாவே தந்தார். இட்ரியத்துக்கு எல்.இ.டி. பல்பைப் பிரித்தால் தெரியும் மஞ்சள் புள்ளி.

ஹீலியம் கட்டத்தில் வெறும் கண்ணாடிக் குப்பிதான். ஆனால் அதன் பக்கத்தில் 1868 ஆகஸ்ட் 18, குண்டூர் என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில்தான் பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனின் நிறமாலையைப் பார்த்தார். பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் மஞ்சள் கோட்டுக்குத் தொடக்கம் அங்கேதான்.

பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது 14-ஆம் தொகுதியின் முன்னால். அது ஒன்றைத்தான் நான் கண்ணாடி போட்டு மூடவில்லை. மேலே பழைய டார்ச் செல்லிலிருந்து எடுத்த கார்பன் கட்டி. தொட்டால் விரல் கறுக்கும். கீழே உடைந்த சோலார் பேனலின் சிலிக்கான் சில்லு, பளபளப்பு உலோகம் மாதிரி, வளைத்தால் படக்கென்று உடையும். அதற்குக் கீழே பழைய ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைத்த ஜெர்மானியம் டயோடு, ஓ.ஏ.79. அதற்கும் கீழே ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் உடைந்த விளிம்பு, அது வெள்ளீயம், கையால் வளையும். கடைசியில் தூண்டிலில் கட்டும் காரீயக் குண்டு. சின்னதாக இருக்கிறதே என்று எடுத்தால் கை இறங்கும். அலோகத்தில் தொடங்கி உலோகத்தில் முடிகிற இந்த இறக்கத்தைக் கரும்பலகையில் பல வருடம் எழுதிப்போட்டிருக்கிறேன். ஐந்து பொருளைத் தட்டிப் பார்க்கவிட்டபோது யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. காரீயத்தைத் தொட்ட கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறேன்.

லாந்தனைடுப் பட்டியில் தோற்றுத்தான் போனேன். லைட்டர் கல்லில் சீரியமும் லாந்தனமும் இருக்கின்றன, பழைய ஹார்டு டிஸ்க்கின் காந்தத்தில் நியோடிமியம் இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒன்றும் சிக்கவில்லை. சிக்கியிருந்தாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் காட்டுவது கஷ்டம். பதினைந்தும் அவ்வளவு ஒத்த குணம். மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் இவற்றில் பலவும் தோரியமும் இருக்கின்றன. ஆனால் கதிரியக்கம் உள்ள, அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவருவது பற்றி யோசிக்கவே கூடாது. ஆர்சனிக், தாலியம், பொலோனியம், ஏழாம் வரிசை முழுக்க, எல்லாம் பெயர்ப்பட்டை மட்டும். பாதரசத்துக்கு உடையாத ஒரு தெர்மாமீட்டர், காட்மியத்துக்கு முழு நிக்கல்-காட்மியம் பேட்டரி. எதையும் உடைத்து எடுக்கவில்லை.

காலியம்

ஷீல்டும் கோப்பையும் விற்கும் கடையில் அலுமினியப் பட்டையில் தனிமத்தின் பெயர், குறியீடு, அணு எண் பொறித்து வாங்கினோம். 120 பட்டை, ஒன்று 10 ரூபாய். கட்டத்தின் முன்விளிம்பில் இரண்டு சின்ன ஸ்க்ரூ. பார்க்க நன்றாகவே இருந்தது.

காலியம் ஆன்லைனில் வந்தது பிளாஸ்டிக் குப்பியில். மற்றவை எல்லாம் கண்ணாடிக் குப்பியில் இருக்க இது மட்டும் ஒட்டவில்லை என்று, அழுத்து மூடி போட்ட கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, முன்பக்கம் நன்றாகத் தெரியச் சாய்த்துப் படுக்கவைத்தேன். கோடை விடுமுறை விட்டார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஊர் மதுரைப் பக்கம். காலியம் 29.8 டிகிரியில் உருகும்.

திறந்து பார்த்தபோது மூடியின் ஓரமாகக் கசிந்த வெள்ளிக்கோடு விளிம்பைத் தாண்டிப் பெயர்ப்பட்டையின் மேல் இறங்கியிருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தேன், போகாத இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினேன். சுரண்டியிருக்கக் கூடாது. அலுமினியத்தின் மேலே மெல்லிய ஆக்சைடுப் படலம் இருக்கும்வரை காலியம் உள்ளே போகாது. காலியம் ஒட்டியிருந்த இடத்திலேயே அந்தக் காப்பை நான் சுரண்டி எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பட்டை பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. ஸ்க்ரூவைத் திருப்பியதும் அப்பளமாக நொறுங்கியது. உலோகத்தின் மணிகளுக்கு நடுவே காலியம் புகுந்து அவற்றின் பிடிப்பை அறுத்துவிடுகிறது.

அட்டவணையில் அலுமினியம் காலியத்துக்கு நேர் மேலே. அந்தக் கட்டத்தில் ஒரு பழைய 10 பைசா அலுமினியக் காசு இருக்கிறது. வரிசை தலைகீழாக இருந்திருந்தால் காசும் போயிருக்கும். இப்போது காலியம் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பியில், அந்தக் குப்பி இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவில், செங்குத்தாக நிற்கிறது. காலியம், இண்டியம் கட்டங்களின் பட்டைகளை அக்ரிலிக்கில் மாற்றியாயிற்று. பாதரசமும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் தெர்மாமீட்டர் கட்டத்துக்கும் அக்ரிலிக்தான். கடைக்காரர் மூன்றுக்கும் காசு வாங்கவில்லை.

செலவும் அடுத்த முறையும்

பிளைவுட் 3,120. ஆசாரி கூலி 3,000. முன்பக்கக் கண்ணாடி 1,320, அது நகர்வதற்குப் பிளாஸ்டிக் சேனல் 450. குப்பிகள் 480. காலியம் 900, பிஸ்மத் 600. பெயர்ப்பட்டை 1,200. ஃபெவிகால், ஸ்க்ரூ, பெயிண்ட் வகையறா 1,100. மொத்தம் 12,170 ரூபாய். பாதியைப் பழைய மாணவர்கள் தந்தார்கள்.

மறுபடி செய்தால் ஆழத்தை 2 அங்குலமாகக் குறைப்பேன். 3 அங்குலத்தில் பின்னால் நிழல் விழுந்து சின்னப் பொருள் தெரிவதில்லை. எல்லாப் பட்டையும் முதலிலேயே அக்ரிலிக். 14-ஆம் தொகுதிக்குச் செய்ததுபோல 11-ஆம் தொகுதியையும் திறந்து வைப்பேன், செம்பையும் வெள்ளியையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். தங்க ரேக்கு மட்டும் குப்பியில் இருக்கட்டும். ஹைட்ரஜன் கட்டத்தை லித்தியத்தோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துவேன், கார உலோகங்களின் தலையில் ஒரு வாயு உட்கார்ந்திருப்பதற்கு ஒவ்வொரு வகுப்பிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

செனான் கட்டத்துக்குப் பழைய கேமரா ஃபிளாஷ் ஒன்று தருவதாக ஸ்டூடியோக்காரர் சொல்லியிருக்கிறார். அதன் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டுக் குழலை மட்டும் வாங்கி மாட்ட வேண்டும்.